தொழுநோயாளர் தீவில் கன்னியர்கள்



நம் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்துவிட்டால் முதல் வாரம் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். உறவினர் பழம் வாங்கி வருகிறார்கள். அண்டை வீட்டார் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்கள். அந்த நோய் மூன்று மாதம் நீடித்தால் வருகிறவர் தொகை குறைகிறது. மூன்று வருஷம் நீடித்தால் அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கவும் ஆள் இருப்பதில்லை. இது உங்களுக்கும் எனக்கும் தெரிந்த காரியம். ஆதலால் இந்த வாரம், நீண்ட நாள் நோயாளியின் அருகே நிலைத்து நின்ற சில கன்னியரின் சரித்திரத்தைப் படித்து, அதிலிருந்து நம் குடும்பத்துக்கு வேண்டிய பாடத்தைத் தேடுவோம்.

1. தீவும் அதன் குடிகளும்

கரீபியன் கடலின் தென்கோடியில், வெனிசுவேலா நாட்டுக்கு மிக அருகில், திரினிடாத் என்னும் தீவு இருக்கிறது. அக்காலத்தில் அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 1845 முதல் 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலான கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டன. சென்னையிலிருந்தும் சில கப்பல்கள் சென்றன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியாரும் அங்கே வாழ்ந்தார்கள். இவ்விரு சாதியாரிலும் தொழுநோய் கண்டவர்களை அரசாங்கம் கொக்கொரைட் என்னும் இடத்தில், தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு அருகே, ஒரு விடுதியில் சேர்த்து வைத்தது.

அந்த விடுதியில் பணி செய்ய 1868-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்திலிருந்து அர்ச். சாமிநாதர் சபைக் கன்னியர் வந்து சேர்ந்தார்கள். வந்த மறு வருஷமே, 1869-இல், மஞ்சள் காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் அவர்கள் மடத்துக்குள் புகுந்தது. ஒன்பது கன்னியர் மாண்டார்கள். இந்தக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று கூபா தேசத்து வைத்தியர் கார்லோஸ் ஃபின்லே 1881-இல்தான் எடுத்துச் சொன்னார்; 1900-இல்தான் அது ஐயமற நிரூபணமாயிற்று. ஆகவே எதிலிருந்து எப்படித் தப்புவது என்று அந்தக் கன்னியருக்குத் தெரியாது. தங்கள் சகோதரிகளை அடக்கம் செய்தார்கள். மறுபடியும் நோயாளிகளிடம் போனார்கள். பிரான்சிலிருந்து வேறு கன்னியரும் கப்பலேறி வந்தார்கள்.

1922-ஆம் ஆண்டில் நோயாளிகள் சக்கசக்காரே என்னும் சிறு தீவுக்கு மாற்றப்பட்டார்கள். அது திரினிடாத்தின் வடமேற்கே, கடல்வாயில், குதிரை லாடம் போல் வளைந்து கிடக்கும் மலைத் தீவு. எதிரே வெனிசுவேலாவின் மலைகள் தெரியும். படகில்லாமல் யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. கன்னியரும் கூடவே போய்க் குடியேறினார்கள்.

2. ஒரு நாளின் வேலை

இத்தகைய இடத்தில் பணி என்றால் என்ன என்று விளங்க வேண்டுமானால், முதலில் இந்த நோயின் தன்மையை அறிய வேண்டும். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியன்று. நோர்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் 1873-இல் கண்டுபிடித்த ஒரு கிருமி, கை கால் நரம்புகளைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரியாது. சுடுபாத்திரத்தைப் பிடித்தவனுக்குக் கை வெந்தது தெரியாது. காலில் முள் தைத்தவன் அதன்மேலேயே நடந்து திரிவான். புண் ஆழமாகி எலும்பு வரை போகும். கண்ணிமை மூடாமல் தூசி விழுந்து, பார்வையும் போகும்.

ஆகவே தொழுநோயாளியைப் பராமரிக்கிறவர்களின் வேலை பெரிய சாகசமன்று. காலையில் பூசை கண்டு, திவ்விய நற்கருணை உட்கொண்டு, பிறகு கால் கால்களாகப் பார்க்க வேண்டும். நேற்றுக் கட்டிய துணியை அவிழ்க்க வேண்டும். நாற்றத்தைக் கண்டு முகம் சுளிக்காமல் புண்ணைக் கழுவ வேண்டும். புதிய துணியைச் சுற்ற வேண்டும். நோயாளி உணராத காயத்தைக் கன்னி தன் கண்ணால் பார்த்து உணர வேண்டும். நாளைக்கும் அதே கால், அதே துணி, அதே வேலை. அடுத்த வருஷமும் அதுவே.

மருந்தென்று அப்போது உலகெங்கும் தொழுநோய் விடுதிகளில் இருந்தது நீரடிமுத்து இனத்து மரங்களின் விதையிலிருந்து எடுத்த எண்ணெய். நம் மேற்கு மலைக் காடுகளிலும் இவ்வினத்து மரம் உண்டு. நம் பண்டை வைத்தியரும் அதை அறிவர். அதை ஊசியால் சதையில் ஏற்றுவார்கள். வலி பொறுக்க முடியாது, குணமோ உறுதியில்லை. குணம் தர முடியாத மருந்தை வைத்துக்கொண்டு ஒருவருக்கு வருஷக்கணக்காய்ப் பணி செய்வது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். பலன் தெரிகிற வேலையை யாரும் செய்துவிடலாம். பலன் தெரியாத வேலையைச் செய்ய சர்வேசுரன்மேல் நம்பிக்கை வேண்டும்.

3. மறைக்கக் கூடாத ஒன்று

இங்கே ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். அந்த நோயாளிகள் தாங்களாக விரும்பித் தீவுக்குப் போகவில்லை. சட்டம் அவர்களைக் கொண்டுபோய் வைத்தது. தாய் பிள்ளையைப் பிரிந்தாள். கணவன் மனைவியைப் பிரிந்தான். தீவுக்குள்ளும் ஆண்களையும் பெண்களையும் தனித்தனிப் பகுதிகளில் வைத்தார்கள். இதைக் குறித்து நோயாளிகள் மனம் கசந்து முறையிட்டதும் உண்டு. அவர்கள் முறையீட்டில் நியாயமில்லை என்று நாம் சொல்லலாகாது. மனிதருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்நோயை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டென்று இன்று நமக்குத் தெரியும். அன்று உலகம் பயந்த அளவுக்கு அது பயப்படத்தக்க நோயன்று. பயம் சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தின் பாரத்தை நோயாளிகள் சுமந்தார்கள்.

கன்னியர் அந்தச் சட்டத்தை உண்டாக்கவில்லை. ஆனால் அதற்குள்ளேதான் பணி செய்தார்கள். புண் கட்டும் கையே சில வேளை கதவைப் பூட்டும் கையாகவும் இருந்தது. நாமும் நோயாளியைப் பராமரிக்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது. "உன் நன்மைக்காகத்தான்" என்று சொல்லி அவர் விருப்பத்தைக் கேளாமல் விடுகிறோமே, அது எப்போதும் அன்பாகிவிடாது.

1941-இல் அமெரிக்காவில் கார்வில் என்னும் தொழுநோய் ஆஸ்பத்திரியில் சல்ஃபோன் இனத்து மருந்து முதன்முதல் கொடுக்கப்பட்டுப் பலன் தந்தது. அந்த ஆஸ்பத்திரியிலும் 1896 முதல் கத்தோலிக்கக் கன்னியரே பணி செய்துவந்தார்கள். பிறகு அம்மருந்துகள் உலகமெங்கும் பரவின. உலக சுகாதார ஸ்தாபனம் 1981-இல் கூட்டுமருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை உட்கொண்டால் நோய் தீரும். 1995 முதல் அது இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் சக்கசக்காரே தீவிலிருந்து கடைசி நோயாளிகள் வெளியேறியது எப்போது தெரியுமா? 1984-இல். முதல் மருந்து பலன் தந்து நாற்பத்து மூன்று வருஷங்களுக்குப் பின்! எந்த நாட்டிலும் தொழுநோய் விடுதிகளின் சரித்திரம் இப்படியே இருக்கிறது: கிருமி போன பிறகும் பலருக்குத் திரும்பிப் போக வீடில்லை. உடம்பைக் குணமாக்க மருந்து வந்தது. வீட்டுக் கதவைத் திறக்க மருந்து வரவில்லை. இப்போது அந்தத் தீவில் குடிகள் இல்லை. பாழடைந்த கட்டடங்களும், கன்னியரின் கல்லறைகளும், மலையுச்சியில் ஒரு கலங்கரை விளக்கமும் நிற்கின்றன.

4. சுவிசேஷம் கற்பிப்பது

அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு தொழுநோயாளி சேசுநாதரிடம் வந்து முழந்தாளிடுகிறான். அதில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, சேசுநாதர் அவனைத் தொட்டார். ஒரு வார்த்தையால் குணமாக்க வல்லவர், தொட்டே குணமாக்கினார். வெகு காலமாய் ஒருவரும் தொடாதவனுக்கு அதுவும் தேவையாயிருந்தது அன்றோ?

இரண்டாவது, குருவிடம் போய்க் காண்பிக்கும்படி அனுப்பினார். ஏன்? குரு சாட்சி சொன்னால்தான் ஊரார் அவனைச் சேர்த்துக்கொள்வார்கள். தோல் சுத்தமானது மட்டும் போதாது. அவன் தன் வீட்டு வாசலுக்குள் நுழைய வேண்டும் என்பது நமதாண்டவர் திருவுளம்.

மூன்றாவது, அந்த மனிதன் செய்தியைப் பரப்பினதால் சேசுநாதர் வெளிப்படையாய் ஊருக்குள் போக முடியாமல் வனாந்தரமான இடங்களில் தங்கினார். வெளியே நின்றவன் உள்ளே போனான். உள்ளே இருந்தவர் வெளியே நின்றார். இடம் மாறிக்கொண்டார்கள். பிரான்சு தேசத்துக் கன்னியர் தங்கள் ஊரை விட்டுக் கடல்நடுவே போய் வாழ்ந்து, அங்கேயே மண்ணானதன் அர்த்தம் இதுவே.

5. நம் வீட்டில்

கரீபியன் தீவுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. தீவு நம் வீட்டிலேயே இருக்கலாம். பக்கவாதத்தால் படுத்த பாட்டனார், புத்தி பேதலித்த தம்பி, காசநோயிலிருந்து மீண்டும் தனித் தட்டில் சாப்பிடுகிற அத்தை, எல்லாருக்கும் கடைசியில் சோறு பெறுகிறவர் யார்? நமது நாட்டில் 2019-ஆம் ஆண்டு வரையில் தொழுநோய், கிறிஸ்தவர்களுக்குரிய விவாகரத்துச் சட்டத்திலும் விவாகரத்துக்கு ஒரு காரணமாய் எழுதப்பட்டிருந்தது. அந்த ஆண்டு அது நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள், நம் மனதிலிருந்து நீக்க வேண்டியது நம் வேலை.

இன்றிரவு குடும்ப செபமாலைக்குப் பின் இவற்றைப் பேசிக்கொள்ளுங்கள்:

நம் வீட்டிலோ தெருவிலோ நீண்ட நாள் நோயாய் இருப்பவர் யார்? அவரைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டோமா, அல்லது நாமே தீர்மானித்தோமா?

நோய் தீர்ந்த பின்னும் அவரைத் தனியே வைத்திருக்கிறோமா?

இந்த வாரத்துப் பயிற்சி: அப்படிப்பட்ட ஒருவரை ஒருமுறை அல்ல, இரண்டுமுறை போய்ப் பாருங்கள். முதல்முறை போவது இரக்கத்தினால். இரண்டாம் முறை போவது அன்பினால். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள்.

சக்கசக்காரே தீவில் மாண்டு போன நோயாளிகளுக்காகவும் கன்னியருக்காகவும் ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லி முடியுங்கள். அவர்களுடைய ஆத்துமங்கள் சர்வேசுரனுடைய இரக்கத்தினால் இளைப்பாறக்கடவன. ஆமென்.