தாதியர் கல்விக்குப் பணம் கட்டுபவர் யார்?

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நான் தாதியர் பயிற்சி பெற்றபோது கட்டணம் கட்டவில்லை, உபகாரச் சம்பளமும் கிடைத்தது. இப்போது என் மகள் அதே படிப்பைக் கடன் வாங்கிப் படிக்க வேண்டும் என்கிறார்கள். ஆள் பற்றாக்குறை என்று புலம்பும் அரசாங்கம் இப்படிச் செய்வானேன்? வைத்தியசாலையே சம்பளம் கொடுத்துப் படிக்கவைக்கக் கூடாதா?
– ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம், இலண்டன்

பதில்: அம்மணி, தாங்கள் பயின்ற நாளில் கல்வியை விலைகொடுத்து வாங்கியவர் அரசாங்கமே. எந்தப் பிரதேசத்துக்கு எத்தனை தாதியர் தேவைப்படுவார்கள் என்பதைத் தேசிய சுகாதார சேவையின் (என்.எச்.எஸ்.) அதிகாரிகள் முன்கூட்டிக் கணித்து, அத்தனை இடங்களுக்கு மட்டும் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, கட்டணத்தைத் தாமே செலுத்தி, மாணவர்க்கு உபகாரச் சம்பளமும் அளித்துவந்தார்கள். 2013 முதல் அந்தப் பொறுப்பை ஹெல்த் எஜுகேஷன் இங்கிலாந்து என்ற ஸ்தாபனம் வகித்தது. அதுவும் 2023 ஏப்ரலில் என்.எச்.எஸ். இங்கிலாந்தில் ஐக்கியமாகிவிட்டது.

உதாரமான ஏற்பாடுதான், ஆயினும் அதில் ஒரு பெரிய தோஷம் இருந்தது. வார்டில் இன்று ஒரு தாதியைக் குறைத்தால் நாளையே கூக்குரல் எழும். மூன்றாண்டுக்குப் பின் வரவேண்டிய தாதியின் படிப்பிடத்தை இன்று குறைத்தால் கேட்பாரில்லை. ஆகையால் கஜானாவில் நெருக்கடி நேரும்போது வெட்டு முதலில் கல்வியின் மேல்தான் விழும். 2010ஐ அடுத்த சில ஆண்டுகளில் அப்படியே இடங்கள் குறைக்கப்பட்டன. 2013இல் மிட் ஸ்டாஃபர்ட்ஷையர் வைத்தியசாலையின் அவலங்களை விவரித்த பிரான்சிஸ் அறிக்கை வெளிவந்து, வைத்தியசாலைகள் யாவும் ஒரே சமயத்தில் தாதியரைத் தேடப் புறப்பட்டபோது, உள்நாட்டில் போதிய ஆளில்லாமல் கடல்கடந்து ஆள்சேர்க்க நேர்ந்தது.

இதற்குப் பரிகாரமென்று சொல்லித்தான், 2017 ஆகஸ்டு முதல் சேரும் மாணவர்க்கு உபகாரச் சம்பளத்தை நிறுத்தி, கட்டணத்தையும் கடன் வாங்கிக் கட்டும்படி செய்தார்கள். ஒப்பந்த வரம்பு நீங்கினால் பத்தாயிரம் இடங்கள் வரை பெருகும் என்பது அன்றைய வாதம். நடந்ததோ வேறு: இங்கிலாந்தில் விண்ணப்பங்கள் முதலாண்டிலேயே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தன, பிள்ளைகுட்டியோடு படிக்க வருகிற, வயதில் மூத்தவர்களே மிகுதியும் பின்வாங்கினார்கள். 2020 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 5,000 பவுண், திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவித்தொகையாக வருகிறது; கல்விக் கட்டணத்துக்கு மட்டும் இன்னமும் கடன்தான். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் உபகாரச் சம்பளத்தைக் கைவிடவே இல்லை என்பதை இங்கே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை.

பணத்தைப் பற்றி வாதித்த இருசாராரும் போதிய அளவு சிந்திக்காத விஷயம் ஒன்றுண்டு. தாதிப் படிப்பின் 4,600 மணி நேரத்தில் சரிபாதி நடைமுறைப் பயிற்சி. அதற்காக வைத்தியசாலைகளுக்கு அரசாங்கம் தலைக்கு இவ்வளவென்று தருகிறது, உண்மையே. ஆனால், வகுப்பறையை எவ்வளவு பெரிதாகவும் கட்டிவிடலாம், இரவில் ஆள் குறைந்த வார்டில் நான்கு மாணவியரைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர்களுக்குக் கற்பிப்பது யார்?

வைத்தியசாலையே படிக்கவைக்கும் வழியும் இருக்கிறது. அப்ரென்டிஸ் முறையில் சேர்ந்தால் சம்பளம் உண்டு, கட்டணம் இல்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுணைத் தாண்டும் ஸ்தாபனங்களிடமிருந்து 2017 முதல் வசூலாகும் 0.5 சதவீத வரியிலிருந்து கட்டணம் போகிறது. ஆனால் அந்த நிதி சம்பளத்துக்கு உதவாது. மாணவி வகுப்புக்குப் போன நாளில் அவளுக்கும், அவளுக்குப் பதிலாக வேலைசெய்பவருக்கும் வைத்தியசாலையே சம்பளம் கொடுக்க வேண்டும். இடங்கள் சொற்பமாயிருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்; கிடைத்தால் விடவேண்டாம்.

கிடைக்காவிட்டால், பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்குமுன், பயிற்சி எந்த வைத்தியசாலைகளில், வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று தங்கள் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். பிரயாணச் செலவில் ஒரு பகுதியை விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ரசீதுகளை எறிந்துவிட வேண்டாம்.