இடைநேரச் சிற்றுண்டி: பசியா, பழக்கமா?

மாலைத் தேநீருடன் வடையோ முறுக்கோ நாம் உண்பது பல நாள்களில் பசியால் அன்று, பழக்கத்தால். மதிய உணவில் பருப்பும் காய்கறியும் குறைந்தால் பசியும் விரைவில் திரும்பும். இடையில் எத்தனை முறை, எதற்காக உண்கிறோம் என ஒரு வாரம் எழுதிவைத்தால் காரணம் விளங்கும். உண்மைப் பசிக்கு ஒரு கைப்பிடி சுண்டல் போதும்.

ஆனால் நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கியிருக்கலாம். அப்போது கட்டுப்பாடு கருதி நாம் தடுக்கலாகாது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையை உடனே நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதிப்போம். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் புகட்டாமல், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோம்.