பச்சைக் கோடு அறுந்த இடம்



வர்ஜீனியாவின் ரெஸ்டனில் உள்ள வீலி அவென்யூ மெட்ரோ நிலையத்துக்குச் சைக்கிள் பாதை கேட்டு நீ எழுதிய வரைவைப் படித்தேன். பாதையின் அகலம், சரிவு, விளக்கு எல்லாம் உனக்கே தெரியும். உன் வரைபடத்தில் பச்சைக் கோடு ஒவ்வொரு சிக்னலிலும் அறுந்து எதிர்ப்பக்கம் மறுபடி முளைக்கிறதே, அதுதான் எனக்கு எரிச்சல். நடுவில் ஆறு தடம், வலதுபுறம் திரும்பும் கார்களுக்குத் தனி வளைவு வேறு. அதற்கு நீ எழுதியிருப்பது 'தற்போதைய நிலை தொடரும்' என்று ஒரே வரி!

ரெஸ்டனில் வேலை பார்த்துக்கொண்டு இப்படி எழுதலாமா? கார்னகி ஹாலை விற்ற பணத்தில் அந்த ஊரை உருவாக்கிய ராபர்ட் சைமன், 1960களிலேயே நடப்பவர்களுக்காகச் சாலைக்கு அடியில் வழி வைத்தார்.

சுரங்கப் பாதைக்குப் பணமில்லை என்பாய். சரி, சிக்னலில் கூடுதல் நொடியாவது கேள். நடப்பவர் நொடிக்கு 4 அடி போவார் என்றுதான் முன்பு சிக்னலுக்குக் கணக்கு. 2009 அமெரிக்க விதிமுறையில் அது மூன்றரை அடியானது. 100 அடிச் சாலைக்கு 25 நொடி என்பது 29 ஆயிற்று, அவ்வளவுதான். என் அப்பா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது, சிக்னலின் சிவப்புக் கை மின்னி மின்னி நிலைத்தே விட்டது; அவர் நான்காவது தடத்தில் இருந்தார். மகாமகக் கூட்டத்தில் நீந்தி வந்த மனுஷன்! மறுநாளிலிருந்து வாக்கிங் வேண்டாம் என்றுவிட்டார்.

உன் படங்களிலும் அவரைப் போன்றவர்கள் இல்லை. எல்லாரும் ஹெல்மெட் போட்ட வாலிபர்கள். மளிகைப் பையோடு ஒரு கிழவி இல்லை, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடும் ஓட்டல் தொழிலாளி இல்லை.

ஆனால் அந்த முட்டுச் சந்து யோசனை! முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு தெருக்களை வேலிக்கு நடுவே ஒரு சிறு நடைவழியால் இணைத்திருக்கிறாயே, அதை வரைந்த கைக்குத் தங்கக் காப்பு போடலாம். ஊரைச் சுற்றிப் போகிறவர்கள் கொல்லைப்புறமாகவே நிலையத்துக்கு வந்துவிடுவார்கள். யார் எதிர்த்தாலும் அதை விட்டுக்கொடுக்காதே.

1932 சட்டத்திலிருந்து, ரெஸ்டன் அடங்கிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் சாலைகள் மாநிலத்தின் கையில். அதனால் கவுண்டிக்காரர்களை மட்டும் நம்பாமல், மாநிலப் போக்குவரத்துத் துறையின் சிக்னல் பொறியாளர்களை முதலில் போய்ப் பார். ஒவ்வொரு சிக்னலுக்கும் எத்தனை அடி, எத்தனை நொடி என்று அட்டவணை போட்டு எடுத்துக்கொண்டு போ. படங்கள் வேண்டாம்.