மந்தை இல்லாத மேய்ப்பன்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் நாயே மிகத் தொன்மையானது. வேட்டையில் துணையாகவும், வீட்டில் காவலாகவும், ஆட்டுக் கிடையில் உதவியாகவும் அது பன்னெடுங்காலமாக நம்மோடு வாழ்ந்து வருகின்றது. நாய் நன்றியுள்ள விலங்கு என்பதை யாவரும் அறிவர். ஆயினும், நாய்க்கு நாம் செய்ய வேண்டிய கடன் யாது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அக்கடனை நமக்கு நன்கு உணர்த்தும் நாயினம் ஒன்று உண்டு. அதன் பெயர் பார்டர் கோலி என்பதாகும்.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் கூடும் எல்லைப்புறம் குன்றுகளும் புல்வெளிகளும் நிறைந்தது. மழையும் குளிரும் மிகுந்த அம்மேட்டு நிலத்தில் ஆடு வளர்த்தல் தொன்றுதொட்டு வரும் தொழில். அங்கே ஆடுகள் குன்றெங்கும் பரந்து மேயும். அவற்றை ஒருவன் தனியனாய் நின்று திரட்டுதல் அரிது. ஆதலின் அந்நாட்டு மேய்ப்பர் நாயின் துணையை நாடினர். ‘பார்டர்’ என்பது எல்லையைக் குறிக்கும்; ‘கோலி’ என்பது ஸ்காட்லாந்து மக்கள் மேய்ப்பு நாய்க்கு வழங்கிய பெயர். எல்லைப்புறத்து மேய்ப்பு நாய் என்பதே இவ்வினப் பெயரின் பொருள்.

இவ்வினத்தின் மூதாதை எனப் போற்றப்படுவது ‘ஓல்டு ஹெம்ப்’ என்னும் நாய். அஃது 1893-ஆம் ஆண்டில், நார்த்தம்பர்லாந்தில் ஆடம் டெல்பர் என்பவரிடம் பிறந்தது. அதன் தந்தை எவரோடும் எளிதிற் பழகும் இயல்பினது; தாயோ கூச்சமும் கூர்த்த பார்வையும் உடையது. இருவர் இயல்பும் ஹெம்பினிடம் இனிது கலந்தன. அது குரைத்து அச்சுறுத்தாமலும் கடித்துத் துன்புறுத்தாமலும் அமைதியாகவே ஆடுகளை நடத்தியது. அதனைக் கண்ட மேய்ப்பர் பலரும் அதன் வழித்தோன்றல்களை விரும்பி வளர்த்தனர். அழகு நோக்கியன்றி, ஆற்றல் நோக்கியே இவ்வினம் வளர்க்கப்பெற்றது. 1873-ஆம் ஆண்டில் வேல்சு நாட்டின் பாலா என்னும் ஊரில் மேய்ப்பு நாய்ப் போட்டி நடைபெற்றது. அதன்பின் இத்தகைய போட்டிகள் பல இடங்களிலும் பரவின. 1906-இல் பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கமும் தோன்றியது.

பார்டர் கோலியின் சிறப்பெல்லாம் அதன் கண்ணில் உள்ளது எனலாம். அது தலையைத் தாழ்த்தி, உடலைக் குறுக்கி, ஆட்டை இமையாது நோக்கிய வண்ணம் அடிமேல் அடி வைத்து நெருங்கும். அப்பார்வைக்கு அஞ்சி ஆடுகள் விலகி நடக்கும். ஓநாய் தன் இரையை நோக்கிப் பதுங்கிச் செல்லும் இயல்பே இது. ஆயினும் பல தலைமுறைகளாக மேய்ப்பர் தேர்ந்தெடுத்து வளர்த்தமையால், நோக்குதலும் பதுங்குதலும் துரத்துதலும் நிலைபெற்றன, கொல்லுதல் நீங்கிற்று. மேய்ப்பன் ‘கம் பை’ என்றால் நாய் மந்தையை வலஞ்சுழியாகச் சுற்றும். ‘அவே’ என்றால் இடஞ்சுழியாகச் சுற்றும். தொலைவில் உள்ளபோது சீழ்க்கை ஒலியே கட்டளை ஆகும். வேலை முடிந்ததும் ‘போதும்’ என்னும் பொருள்பட ஒரு சொல் பிறக்கும். அது கேட்டதும் நாய் ஆடுகளை விட்டு மேய்ப்பனிடம் திரும்பும்.

இத்தகைய நாய் நகரத்து வீடொன்றில் வாழ நேர்ந்தால் நிகழ்வது யாது? அங்கே ஆடுகள் இல்லை; ஆட்டைத் தேடும் கண் மட்டும் உண்டு. ஆகவே அது வீட்டில் உள்ளாரையே மந்தையாகக் கொள்ளும். குழந்தைகள் ஓடி விளையாடினால், பதுங்கிச் சென்று அவர்களை வளைத்து ஓரிடத்தில் கூட்ட முயலும். பிரிந்தோடும் குழந்தையின் குதிகாலைப் பல்லால் கவ்வுவதும் உண்டு. மிதிவண்டியையும் மோட்டார் வண்டியையும் கூட மந்தையினின்று பிரிந்த ஆடெனக் கருதித் துரத்தும்; இதனால் அதன் உயிருக்கே இடர் நேரும். தனியே அடைத்து வைத்தால் நாற்காலியைக் கடிக்கும், தோட்டத்தைத் தோண்டும். சில நாய்கள் சுவரில் அசையும் ஒளியையும் நிழலையும் நாள் முழுதும் துரத்தத் தொடங்கிவிடும்.

இவற்றைக் கண்ட வீட்டார், “இது பொல்லாத நாய்” என்று வெறுப்பதுண்டு. கைவிடப்பட்ட பார்டர் கோலிகளுக்கென்றே பிரிட்டனில் மீட்பு இல்லங்கள் நடைபெறுகின்றன என்றால், இவ்வெறுப்பு எவ்வளவு துன்பம் விளைவிக்கின்றது என்பதை உய்த்துணரலாம். நாய் செய்த பிழைதான் என்ன? குன்றில் குணமாக இருந்ததே கூடத்தில் குற்றமாகத் தோன்றுகின்றது. இயல்பு மாறவில்லை, இடமே மாறியது.

ஆயின், இந்நாயை வீட்டில் வளர்த்தல் இயலாதோ? இயலும், அதற்கு வேண்டுவன அறிந்து செய்தல் வேண்டும். நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் அதற்கு நடையும் ஓட்டமும் வேண்டும். பந்தை எறிந்து கொணரச் செய்வது மட்டும் போதாது. அது காலைக் களைப்பிக்குமேயன்றி அறிவை நிறைவிக்காது. மறைத்து வைத்த பொருளை மோப்பத்தால் கண்டுபிடித்தல், தடைகளைத் தாண்டுதல், பொருள்களின் பெயர்களைக் கற்றல் ஆகியவை அதன் அறிவுக்கு உணவாகும். அமைதியாகப் படுத்திருக்கவும் அதற்குக் கற்பித்தல் வேண்டும். மந்தையில் ‘போதும்’ என்னும் சொல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது வீட்டிலும். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பழமொழி. ஆகவே இப்பயிற்சியெல்லாம் குட்டிப் பருவத்திலேயே தொடங்குதல் நலம்.

வீட்டிலேயே தொழில் கண்ட நாயொன்றின் வரலாறு ஈண்டு அறியத்தக்கது. அமெரிக்க நாட்டில் தென் கரோலினா மாநிலத்தில் ஜான் பில்லி என்னும் உளவியல் பேராசிரியர் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பின்னர், 2004-இல் பிறந்த ‘சேசர்’ என்னும் பார்டர் கோலிப் பெண்குட்டியை வளர்த்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயரிட்டு, அதனைக் காட்டிப் பெயர் சொல்லி, பின்பு அதனோடு விளையாடச் செய்தார். நாள்தோறும் நான்கைந்து மணி நேரம், மூன்றாண்டுகள் இப்பயிற்சி நடந்தது. அதன் பயனாகச் சேசர் 1,022 பொருள்களின் பெயர்களை அறிந்தது. பெயர்ச்சொல் வேறு, வினைச்சொல் வேறு என்பதையும் உணர்ந்து, சொன்ன பொருளைச் சொன்னவாறே எடுக்கவும் மூக்கால் தொடவும் கற்றது. இவ்வாய்வு 2011-இல் வெளியாயிற்று. சேசர் 2019-இல் மறைந்தது. அதன் வீட்டில் ஆட்டு மந்தை இல்லை. ஆனால் பொம்மைகளே மந்தையாயின. அதன் அறிவினும் போற்றத்தக்கது, அவ்வறிவுக்கு வேலை தந்த முதியவரின் பொறுமையே அன்றோ?

இந்நாய் மெல்லிய மனம் உடையது. கடுஞ்சொல் கேட்டால் ஒடுங்கிவிடும். இடியோசையும் வெடியோசையும் அதனை நடுங்கச் செய்வதுண்டு. அதற்கு இன்சொல்லே ஏற்ற கருவி. அதன் உடலை இரட்டை மயிரடுக்குப் போர்த்துள்ளது. குளிரைத் தாங்க அமைந்த அம்மயிரைக் கிழமைதோறும் வாரிவிடல் வேண்டும். வெயில் மிகுந்த வேளையில் ஓடவிடல் தகாது. ஆர்வ மிகுதியால் தன் களைப்பை அறியாமல் ஓடுவது அதன் இயல்பாதலின், நிறுத்த வேண்டியவர் வளர்ப்பவரே.

பார்டர் கோலி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அத்தனை ஆண்டும் அதற்கு நேரம் ஒதுக்க இயலுமா என்று வீட்டார் அனைவரும் கூடி எண்ணிய பின்னரே அதனைக் கொணர வேண்டும். குட்டியின் அழகில் மயங்கி இன்று ஏற்று நாளை கைவிடுதல் அறமாகாது. ஓர் உயிரை வளர்ப்பது என்பது, உணவும் உறைவிடமும் தருவதோடு முடிவதன்று. அதன் இயல்பை அறிந்து, அவ்வியல்பு செயற்படுவதற்கு வழி வகுப்பதும் ஆகும். அதுவே நாய்க்கு நாம் செய்யும் நன்றி.

வினாக்கள்

1. ‘பார்டர் கோலி’ என்னும் பெயரின் பொருள் யாது?
2. ஓல்டு ஹெம்ப் மேய்ப்பரால் போற்றப்பட்டது ஏன்?
3. “குன்றில் குணமாக இருந்ததே கூடத்தில் குற்றமாகத் தோன்றுகின்றது” - விளக்குக.
4. சேசரின் வரலாற்றால் நாம் அறிவது யாது?