படக்கோப்பை டிவிடியாக மாற்றுவதில் வரும் கோளாறுகள்



சுபாங் ஜெயாவிலுள்ள என் கடைக்குக் கைபேசியில் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து, "ஊரில் உம்மா பார்க்க டிவிடி போட்டுத் தாருங்கள் பாய்" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. முன்பு ஒருவருக்கு அவ்வாறு நிக்காஹ் படத்தைப் பதித்துக் கொடுத்தேன். என் கணினியில் நன்றாக ஓடியது. ஊர் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பிளேயர் அதை ஏற்கவில்லை. அதற்குள் அவர் மூலப் படத்தைக் கைபேசியிலிருந்து அழித்துவிட்டார். என்னிடம் ஒரு பிரதி இருந்ததால் மானம் தப்பிற்று. அன்று கற்றதை, இதே தொழில் செய்வோருக்காக இங்கு எழுதுகிறேன்.

1. கோப்பு வேறு, டிவிடி வேறு. கைபேசிப் படம் எச்.264 அல்லது எச்.265 முறையில் அமைந்தது. பழைய பிளேயருக்குத் தெரிந்ததோ எம்பெக்-2. கோப்பை அப்படியே வட்டில் நகலெடுத்தால் கணினி படிக்கும், பிளேயர் படிக்காது. சரியான வட்டில் ‘வீடியோ டிஎஸ்’ என்ற உறை இருக்கும். டிவிடிஸ்டைலர் என்னும் இலவச மென்பொருள் படத்தை மாற்றி இவ்வுறையையும் அமைத்துத் தரும். ஹேண்ட்பிரேக் இவ்வேலைக்கு உதவாது.

2. நாட்டு முறை. மென்பொருள் ‘பால்’ முறையா, என்டிஎஸ்சி முறையா என்று கேட்கும். இது குடிக்கும் பாலன்று. டெலிவிஷன் முறையின் பெயர். மலேசியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளுக்குப் பால்: 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்கா, ஜப்பானுக்கு அனுப்புவதாயின் என்டிஎஸ்சி.

3. இடம் போதாமை. 4.7 ஜிபி என்று எழுதிய வட்டைக் கணினி 4.37 என்றே காட்டும். இது கடைக்காரன் ஏமாற்றியதன்று. எண்ணும் முறை வேறு. இரண்டு மணி நேரப் படத்துக்கு நொடிக்கு 45 லட்சம் பிட் (4,500 கிலோபிட்) வைத்தால் ஒலியோடு சேர்ந்து அடங்கும். மூன்று மணி நேரத்தை ஒரே வட்டில் திணித்தால் முகங்கள் மங்கும். இரண்டு வட்டாகப் பிரிப்பதே நலம்.

4. வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கைபேசி நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. ஆகவே நேரம் செல்லச் செல்ல ஒலி விலகும். முதலில் மாறாத 25 படங்களாக மாற்றிக்கொண்டு, பிறகு டிவிடி வேலையைத் தொடங்குங்கள். ஒலி 48,000 ஹெர்ட்ஸாக இருக்கட்டும்.

5. முகம் நீளுதல். அகன்ற படத்துக்கு 16:9 என்று குறிக்க வேண்டும். 4:3 என்று குறித்தால் எல்லோரும் ஒல்லியாகித் தெரிவார்கள்.

6. பதிக்கும்போது. அதிவேகம் வேண்டாம், 4 மடங்கு அல்லது 8 மடங்கு போதும். இறுதியில் வட்டை முடித்து மூடும் கட்டளையை மறவாதீர்கள். மூடாத வட்டைப் பல பிளேயர்கள் ஏற்பதில்லை.

கோளாறு எங்கே என்று அறிய ஒரு வழி உண்டு. பதிக்குமுன் அந்த உறையை விஎல்சியில் ஓடவிட்டு, தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பாருங்கள். அங்கேயே பிழை இருந்தால் மாற்றியதில் குற்றம். வட்டை வீணாக்க வேண்டாம். அங்கே நன்றாக ஓடி வட்டில் மட்டும் தடைப்பட்டால், குற்றம் வட்டிலோ பதித்த விதத்திலோ பிளேயரிலோதான். உடனே வேறு வட்டில் குறைந்த வேகத்தில் பதித்துப் பாருங்கள். கடையில் ஒரு பழைய பிளேயர் வைத்திருப்பது இதற்கு மிக உதவும்.

வாடிக்கையாளர் தந்த படம் நம்மிடம் அமானிதம். வட்டு நாலு வெள்ளிக்கும் குறைவு. கல்யாணம் மறுபடி நடக்காது. "உம்மா பார்த்துவிட்டார்கள்" என்று அவர் வாயால் சொல்லும் வரை மூலத்தை அழிக்காதீர்கள். அவரையும் அழிக்க விடாதீர்கள்.