மேளம் தெரிந்தவருக்கு நான்கு வேலை

இசை மானுடவியல் ஆய்வாளர், தாளக் கலைஞர், வானொலிக்காரர், ஆவணப்பட இயக்குநர். நான்கையும் ஒரே ஆள் செய்ய முடியுமா என்று வீட்டில் கேட்பார்கள். முடியும். ஆனால் நான்கையும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. முதலில் கை பழக வேண்டும், பிறகு காது, அப்புறம் குரல், கடைசியில்தான் கேமரா. நம் பிள்ளைகளில் பலர் தலைகீழாகக் கேமராவில் தொடங்குகிறார்கள். பிறகு அதற்கு வாங்கிய கடனை அடைக்கக் கல்யாண வீடியோ எடுக்கப் போய்விடுகிறார்கள்.

இந்த வரிசையில் போய் ஜெயித்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோயி ஷெரினியன் மிருதங்கமும் பறையும் கற்றவர். நாட்டுப்புற இசையைத் தலித் விடுதலைக்கான கருவியாக்கிய தியோபிலஸ் அப்பாவு மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர். அவரைப் பற்றிய ஷெரினியனின் ஆய்வு 2014இல் நூலாக வந்தது. அதற்கு முன்பே, 2011இல், பறைக் கலைஞர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்துவிட்டார். அடுத்த படம் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பறை பழகும் பெண்களைப் பற்றியது. ஒரே களத்திலிருந்து நூல், படம், வகுப்பறை, மேடை என நான்கும் கிடைத்திருக்கின்றன. களத்தை மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு இது வாய்க்காது.

சரி, நீங்கள் அந்தமானின் லாங் ஐலண்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரங்கத் பக்கம் எராட்டா ஜெட்டியிலிருந்து படகு பிடித்தால்தான் ஊர் வந்து சேரலாம். அங்கிருந்து என்ன செய்வது? அக்கம்பக்கத்தைக் கேளுங்கள் என்பேன். கித்தார் தீவு என்றே பெயருள்ள தீவு பக்கத்தில் கிடக்கிறது, ஆனால் உங்களுக்கு வேண்டியது மேளம். தமிழர் கோயில் திருவிழாவுக்குத் தப்பும் உருமியும் பம்பையும் வைத்திருப்பவர்கள். வங்காளிகளிடம் டாக், கோல் என்ற மேளங்கள் உண்டு. காடு வெட்டக் கூலிகளாகச் சோட்டாநாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ராஞ்சிக்காரர்களின் மரபில் மாந்தர் என்ற மேளமும் நகாராவும் உண்டு. கடல் தாண்டி வந்த இந்தத் தாளங்கள் அந்தமானில் அடுத்தடுத்த தெருவில் இருந்து என்னவாயின என்பது முனைவர் பட்டத்துக்கே போதுமான கேள்வி. மூன்று பெரியவர்களிடம் உட்கார்ந்து அடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அடிக்குச்சி பிடிக்கத் தெரிந்தவனிடம் வாத்தியக்காரர் பேசுகிற பேச்சே வேறு.

பழங்குடி இசையிலிருந்து தொடங்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். தோன்றக் கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி, அனுமதியின்றி ஜாரவா காப்பகத்துக்குள் போவதும் படம் பிடிப்பதும் குற்றம், சிறை உண்டு. 2012இல் ஜாரவா மக்களை ஆடவைத்து எடுத்த வீடியோ வெளியாகி நாடே தலைகுனிந்தது. ஏற்கெனவே நடந்த பதிவுகளைப் படித்துக் கேட்பதற்குத் தடையில்லை. கிரேட் அந்தமானியர் காலால் உதைத்துத் தாளம் போட்ட கேடய வடிவ மரப்பலகையைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தமானில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி போர்ட்மேன் 1888இல் அந்தமானிய இசை குறித்துக் கட்டுரை வெளியிட்டார். மொழியியலாளர் அன்விதா அப்பி, போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டியின் குரலைப் பதிந்துவைத்தார். மூதாட்டி 2010 ஜனவரியில் காலமானார், அந்த மொழி இன்று பதிவுகளில் மட்டும் கேட்கிறது.

படிப்புக்கு வருவோம். இசை மானுடவியல் என்ற பெயரில் இந்தியாவில் துறைகள் குறைவு. நாட்டார் வழக்காற்றியல், இசை, மானுடவியல் ஆகியவற்றில் ஒன்றின் வழியாகத்தான் நுழைய வேண்டும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரிக்கு நாட்டார் வழக்காற்றியலில் நல்ல பெயர். யுஜிசி நெட் தேர்வின் இசைப் பாடத்தில் தாளவாத்தியம் ஒரு விருப்பப் பிரிவு. மேளக்காரர்களே அதைக் கவனிப்பதில்லை. ஒலிப்பதிவு கற்கச் சென்னை எம்.ஜி.ஆர் அரசு திரைப்பட நிறுவனமும் கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனமும் உள்ளன. இரண்டு ஊருக்கும் போர்ட் பிளேரிலிருந்து கப்பல் போகிறது.

போர்ட் பிளேர் வானொலி 1963 முதல் இயங்குகிறது. அங்கே வாசல் இரண்டு: ஒன்று கலைஞராகத் தேர்வில் வாசித்துக் காட்டி பி, பி-ஹை, ஏ என்று தரம் ஏறுவது, மற்றது தற்காலிக அறிவிப்பாளர் வேலை. இரண்டுக்கும் முயலுங்கள். தரச் சான்று மேடைக் கூலியை உயர்த்தும். ஒலிவாங்கிக்கு முன் ஐந்து நிமிடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும் பழக்கம் பின்னால் ஆவணப்படத்துக்கு வர்ணனை எழுதும்போது கைகொடுக்கும். சிறிய இடம் என்று தயங்க வேண்டாம்: பாம்பன் தீவில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை என்ற சமுதாய வானொலி நடக்கிறது.

கருவிகளில் முதல் செலவு ஒலிப்பதிவுக் கருவிக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு, எம்பி3 வேண்டாம். பறையின் முதல் அடியே மீட்டரைச் சிவப்பாக்கிவிடும், ஆகவே உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் அளவைக் குறைத்து வையுங்கள். தோலைத் தீயில் காய்ச்சுவதற்கு முன் ஒரு பதிவு, காய்ச்சிய பின் ஒரு பதிவு எடுங்கள். தீவின் ஈரத்தில் அந்த வித்தியாசமே ஒரு வானொலி நிகழ்ச்சிக்குப் பொருள். அதே ஈரம் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் இல்லாமல் கேமரா வாங்காதீர்கள்.

பணம்? நான்கில் எதுவும் தனியாகச் சோறு போடாது. முதல் சில ஆண்டுகள் கச்சேரிக் கூலியும் பள்ளிப் பயிற்சி வகுப்பும்தான் ஓட்டும். கைக்கு வந்த பதிவுகள் பெருகிய பிறகுதான் மானியமும் பட வாய்ப்பும் வரும். அதற்குள் ஒவ்வொரு பதிவுக்கும் நாள், இடம், வாசித்தவர், கருவி, அனுமதி ஆகியவற்றை எழுதிவையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாத ஒலியை எந்த ஆவணக் காப்பகமும் தொடாது. 1938இல் இசை ஆய்வாளர் ஆர்னால்ட் பாக்கே தென்னிந்தியாவில் எடுத்த பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு 1984இல் ஆய்வாளர்கள் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போக முடிந்தது, எந்த ஊர் என்று எழுதிவைத்திருந்ததால்தான்.

வாசித்தவருக்கு அன்றைக்கே கூலி கொடுங்கள், படம் விற்ற பிறகு பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள். பதிவின் ஒரு பிரதியை அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.