போகிக் குப்பையும் பொங்கல் முற்றமும்
(சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

தை பிறப்பதற்கு முன் பழையன கழித்தல் நம் நாட்டு வழக்கம். வீட்டை ஒழித்து வெள்ளையடித்து, போகியன்று விடியற்காலையில் பழம் பாயையும் கந்தைத் துணியையும் தெருவிலிட்டுக் கொளுத்துகிறோம். அன்று மாலையே கடைத்தெருவுக்குச் சென்று, வாயிலிற் கட்டப் பிளாஸ்டிக் தோரணமும், தரையில் ஒட்டக் கோலத் தாளும் விலைக்கு வாங்குகிறோம். காலையிற் கொளுத்தியதில் ஒரு பகுதியே மாலையில் வாங்கியவற்றிற்கு ஈடாகப் போதுமாயிருந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இது சங்கத்திற்கு ஏற்ற விஷயந்தானா என்று சிலர் வினவக்கூடும். சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30ந் தேதி, நமக்கு அண்மையிலுள்ள திருவள்ளூரையடுத்த திரூரில் பதிவாயிற்று. குடியானவனை அதிக வட்டியினின்று மீட்பதே அவ்வியக்கத்தின் முதல் வேலை. பெருஞ் செலவுகள் மட்டுமே ஒருவனைக் கடனாளியாக்குவதில்லை. பண்டிகை தோறும் கணக்கில் எழுதப்படாமற் போகும் சில்லறைச் செலவுகளும் தவணைப் பணத்தைக் கரைத்துவிடுகின்றன. ஆகையால் சிக்கனம் முற்றத்திலிருந்தே தொடங்குதல் நன்று.

புகையின் கேடு மற்றொன்று. 2018ஆம் ஆண்டு போகியன்று காலையில் சென்னையில் புகையும் பனியும் கலந்து கவிந்தமையால், மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்கவியலாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. விமானத்தைத் தடுத்த புகை குழந்தையின் மார்பை விட்டுவைக்குமா? ஒரு போகியில் நானும் பழைய மெத்தையொன்றை வாசலிற் கொளுத்தி, அன்றிரவு முழுவதும் என் குழந்தை இருமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் போகிக்கு நெருப்பில்லை.

இனிச் செய்முறை கூறுவோம்.

1. துணித் தோரணம்: கிழிந்த புடவை, வேஷ்டிகளில் இற்றுப்போகாத பாகத்தை எடுத்து, ஒரு சாண் அகலமுள்ள முக்கோணங்களாக வெட்டுக. மஞ்சள் கரைத்த நீரில் தோய்த்தால் மஞ்சள் நிறமும், அந்நீரிற் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு நிறமும் உண்டாகும். இந்நிறம் வெயிலில் மங்குமாதலால் நிழலில் உலர்த்துக. வடித்த கஞ்சியில் நனைத்துக் காயவைத்தால் துணி விறைத்து நிற்கும். பழைய சாக்கிலிருந்து பிரித்த சணல் நூலில் வரிசையாகத் தைத்துவிடுக. பண்டிகை முடிந்ததும் துவைத்து மடித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும். நிறம் மட்டும் புதிதாக ஏற்றினாற் போதும்.

2. இலைத் தோரணம்: மாவிலையை மடித்து, பழைய விளக்குமாற்றின் ஈர்க்கால் குத்தி, வைக்கோற் புரியிற் கோத்துக் கட்டுக. இடையிடையே நெற்கதிரும் ஆவாரம்பூவும் செருகலாம். குருத்தோலைக்காகத் தென்னை, பனைகளின் நடுக்குருத்தை வெட்டலாகாது. அம்மரங்களுக்கு வளரும் நுனி ஒன்றே. அது கெட்டால் மரமே பட்டுப்போம். ஒருநாள் அழகுக்காகப் பல்லாண்டு வருமானத்தை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

3. கோலம்: நொய்யரிசியை ஊறவைத்து அரைத்தால் மாக்கோலத்திற்கு ஆகும், எறும்பும் குருவியும் உண்ணும். உடைந்த செங்கல்லையும் ஓட்டையும் இடித்துச் சலித்தால் செம்பொடி கிடைக்கும். அடுப்புக்கரி கருமைக்கும், மஞ்சள் மஞ்சளுக்கும் உதவும்.

4. அகல் தாங்கி: கொட்டாங்கச்சியின் வெளிப்புறத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்குக. கச்சி எளிதில் தீப்பற்றுமாதலால் அதனுள் நேரே எண்ணெய் வார்த்துத் திரியிடலாகாது. பாதியளவு ஈரக் களிமண் இட்டு, அதன்மேல் மண் அகலை அமர்த்துக. வைக்கோற் போருக்கும் கூரைக்கும் வெகு தொலைவில் வைத்து, உறங்குமுன் அணைத்துவிடுக.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோர், பட்டறைகளில் கழிக்கப்படும் பெட்டிப் பலகைத் துண்டுகளை அனுமதி பெற்றுக் கொணர்ந்தால், தோரணம் கட்டும் கழிகளுக்கும் பூச்சட்டித் தட்டுகளுக்கும் ஆகும்.

பயன்படுத்தலாகாதவையும் உண்டு. பூச்சிமருந்து இருந்த டப்பாக்களையும் பைகளையும் எவ்வளவு கழுவினாலும் வீட்டில் வைக்கலாகாது. பிளாஸ்டிக் கொடிகளும் பைகளும் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டவை. அலங்காரத்திற்கான தெர்மாகோலும் 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து நாடெங்கும் தடைக்குட்பட்டது. இத்தடைகளின் காரணத்தைக் கால்நடை வளர்ப்போர் நன்கறிவர். தெருவில் எறியப்பட்ட பிளாஸ்டிக்கைப் பசு தின்றால், அது செரியாமல் முதல் இரைப்பையிலேயே தங்கித் திரண்டு, நாளடைவில் உயிருக்கே முடிவாகும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசிக் கும்பிட்ட மாட்டிற்குக் காணும் பொங்கலன்று அதனை இரையாக்குவது தருமமாகுமா? சங்கக் கடனில் வாங்கிய மாடாயின், மாடு போன பின்பும் தவணை நிற்கும்.

அம்பத்தூர் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019ஆம் ஆண்டில் தானே மாநகராட்சியாயிற்று. ஊர் நகரமானாலும் வாசலில் சாணம் தெளித்துக் கோலமிடும் வீடுகள் பூவிருந்தவல்லிப் பக்கத்தில் இன்றும் உள்ளன. அவர்களுக்கு இம்முறைகள் புதியனவல்ல, பாட்டிமார் அறிந்தவையே. நாம் மறந்ததை நினைவூட்டுவதே இப்பாடம்.

பொங்கலுக்குமுன் கூடும் சங்கக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்யும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்:

(அ) சென்ற பொங்கலில் அலங்காரத்திற்காகச் செலவிட்ட தொகையை ஒவ்வொருவரும் நினைவிற்கொண்டு ஒரு தாளில் எழுதுக.

(ஆ) போகிக்கு எரிப்பதற்கென ஒதுக்கிய பொருள்களைத் துணி, சாக்கு, பலகை, பிற என நான்காகப் பிரித்து, முதல் மூன்றையும் எடுத்து வைக்க.

(இ) இவ்வாண்டு மீதமாகும் தொகையைத் தை மாதத்திலேயே தம் சேமிப்புக் கணக்கிற் கட்டி, ரசீது பெறுக.

பண்டிகை கழிந்தபின் மாவிலையும் வைக்கோலும் எருக்குழிக்குச் செல்லட்டும். துணி பெட்டிக்குச் செல்லட்டும். காசு சங்கத்திற்கு வரட்டும்.